பவர் விண்டோ மெதுவாக ஏறினால் மோட்டார்தான் காரணமா? ஒரு பழைய காரை வைத்து ஓர் ஆய்வு

கார் 2005 மாடல் செடான். நான்கு கதவுக்கும் பவர் விண்டோ உண்டு. வைத்திருப்பவர் துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி. வீடு தூத்துக்குடியில், கடலிலிருந்து கூப்பிடு தூரம். முன் இடது கண்ணாடி ஏறுவதற்குள் பொறுமை போய்விடுகிறது, சில நேரம் பாதியில் நின்றுவிடுகிறது, கையால் தூக்கிக் கொடுத்தால்தான் மேலே போகிறது என்பது அவருடைய புகார். மற்ற மூன்று கண்ணாடிகளும் சோம்பல்தான், ஆனால் நிற்பதில்லை.

வேறு ஒரு பட்டறையில் காட்டியிருக்கிறார். சுவிட்சை நாலு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, நான்கு மோட்டாரையும் மாற்றிவிடச் சொல்லியிருக்கிறார்கள்.

“நாலும் போயிருச்சுன்னு சொல்லுதாவ தம்பி. நாலும் ஒண்ணாவா போவும்?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. நான்கு தனித்தனி மோட்டார் ஒரே காலத்தில் தளர்ந்துபோவது அரிது. நான்குக்கும் பொதுவாக ஏதாவது இருக்க வேண்டும். பேசிக்கொண்டே போகும்போது இன்னொன்றும் சொன்னார்: “மழ பெய்யும்போது மட்டும் கொஞ்சம் வெரசா ஏறுது.” இந்த ஒரு வரி எனக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுத்தது. கண்ணாடியின் ஓரம் ஓடுகிற பள்ளத்தில் ஒரு ரப்பர் பட்டை உண்டு, சேனல் ரப்பர் என்பார்கள். அது ஈரமானால் கண்ணாடி வழுக்கிக்கொண்டு போகும். மழையில் வேகம் கூடினால், காய்ந்த நாளில் ரப்பர் கண்ணாடியைப் பிடிக்கிறது என்று அர்த்தம். மோட்டாருக்கு மழையும் வெயிலும் தெரியாது. வண்டியைத் தொடுவதற்கு முன் ஓட்டுகிறவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

முதலில் நேரம்

இஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, கண்ணாடி முழுக்க இறங்கிய நிலையிலிருந்து முழுக்க ஏறும் நேரத்தை எடுத்தேன். ஓட்டுநர் பக்கம் 6 வினாடி. முன் இடது, ஓட்டுநர் கதவு சுவிட்சிலிருந்து 12 வினாடி. அதே கண்ணாடி அதன் சொந்தச் சுவிட்சிலிருந்து 10 வினாடி. பின் இடது 9, பின் வலது 7. நல்ல நிலையில் இருக்கும் இந்த வகைக் காரில் நான்கைந்து வினாடியில் ஏறிவிட வேண்டும்.

இஞ்சினை ஓடவிட்டுப் பார்ப்பது முக்கியம். நின்றிருக்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் அதிகம். ஓடும்போது ஆல்டர்னேட்டர் 14-ஐ ஒட்டிக் கொடுக்கும். அந்த வித்தியாசமே கண்ணாடியின் வேகத்தில் தெரியும். ஒரு தடவை இஞ்சினை அணைத்துவிட்டும் இன்னொரு தடவை ஓடவிட்டும் பார்த்தால் கணக்குக் குழம்பிவிடும்.

ஒரே கண்ணாடி இரண்டு சுவிட்சில் இரண்டு விதமாக ஏறியதைக் கவனிக்க வேண்டும். மோட்டார் ஒன்று, ரப்பர் ஒன்று, கண்ணாடி ஒன்று. மாறியது கரண்ட் வரும் பாதை மட்டும்தான். ஆக, பாதையிலும் குறை இருக்கிறது.

அந்தக் காலத்து இந்த வகைக் கார்களில் கண்ணாடிக்கென்று கதவுக்குள் தனி மின்னணுப் பெட்டி பெரும்பாலும் கிடையாது. மோட்டாருக்குப் போகும் முழு கரண்டும் சுவிட்சுக்குள் இருக்கும் பாயின்ட், அதாவது இரண்டு உலோக முனைகள் தொட்டுச் சேரும் இடம், வழியாகத்தான் போகிறது. ஓட்டுநர் தன் பக்கத்திலிருந்து இடது கண்ணாடியை ஏற்றினால், கரண்ட் ஓட்டுநர் சுவிட்சின் ஒரு பாயின்ட்டைக் கடந்து, இடது கதவு சுவிட்சின் பாயின்ட்டைக் கடந்து, மோட்டாரைச் சுற்றிவிட்டு, மறுபடி இடது சுவிட்சின் வேறொரு பாயின்ட், அப்புறம் ஓட்டுநர் சுவிட்சின் வேறொரு பாயின்ட் என்று வந்து எர்த்தில் (பேட்டரியின் நெகட்டிவோடு இணைந்த காரின் இரும்பு உடலில்) சேர்கிறது. மொத்தம் நான்கு பாயின்ட். இடது கதவு சுவிட்சை அழுத்தினால் மூன்று. ஓட்டுநரின் சொந்தக் கண்ணாடிக்கு இரண்டே இரண்டு. எடுத்த நேரமும் இதே வரிசையில்தான் இருக்கிறது. நான்கு கண்ணாடிக்கும் எர்த் போய்ச் சேரும் இடம் ஓட்டுநர் சுவிட்சுக்குப் பின்னால் இருக்கும் ஒரே ஒயர். அண்ணாச்சி கேட்ட “நாலும் ஒண்ணாவா” என்பதற்குப் பதில் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும் என்று தோன்றியது.

வோல்ட் எங்கே போகிறது

இடது கதவின் உள்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றினேன். கைப்பிடிக் குழிக்குள் மூடி போட்டு மறைத்த ஸ்க்ரூவை எடுக்காமல் இழுத்தால் பேட் உடைந்துவிடும், மற்றதெல்லாம் கிளிப். உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழிக்காமல் ஓரத்திலிருந்து உரித்து எடுக்க வேண்டும். அது வெறும் கவர் என்று நினைத்துக் கிழித்துப் போடுகிறவர்கள் உண்டு. கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைத் தண்ணீரை அடியில் இருக்கும் ஓட்டைக்குத் திருப்பிவிடுவது அதுதான். பின்னால் வரும் பின் இடது கதவின் கதைக்கும் அது காரணமாக இருந்தது.

மோட்டாரின் ஒயர் சொருகியிருக்கும் கப்ளரைக் கழற்றாமல், பின்பக்கமாக ஊசி நுழைத்து, கண்ணாடி ஏறிக்கொண்டிருக்கும்போதே அளந்தேன். கப்ளரைக் கழற்றிவிட்டு அளந்தால் 14 வோல்ட் அப்படியே காட்டும், ஏமாந்துபோவோம். கரண்ட் ஓடாத ஒயரில் வோல்ட் குறையாது. எத்தனை துருப்பிடித்த பாயின்ட்டும் அப்போது நல்ல பிள்ளையாக இருக்கும். சின்ன பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப்பும் இதே மாதிரி ஏமாற்றும், அது இழுக்கும் கரண்ட் அவ்வளவு குறைவு. மீட்டர் இல்லாதவர்கள் பழைய 55 வாட் ஹெட்லைட் பல்பை மோட்டார் கப்ளரில் கொடுத்துப் பார்க்கலாம். நாலரை ஆம்பியர் இழுக்கும் அந்தப் பல்பு மங்கி எரிந்தால் பாதையில் குறை.

பேட்டரியில் 14.0 வோல்ட். மோட்டாரின் இரண்டு முனைக்கும் நடுவே 8.6. வழியில் 5.4 வோல்ட் காணாமல் போயிருந்தது. ஒயரைச் சுற்றிக் கவ்வி கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் 9 ஆம்பியர் காட்டியது. சாதாரணமாக ஐந்தாறு இருக்க வேண்டும்.

ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் மீட்டரை வைத்துக்கொண்டே வந்தேன். வருகிற பக்கத்தில் ஃபியூஸ், ரிலே (சின்ன கரண்டில் இயங்கிப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்), மெயின் ஒயர் சேர்த்து 0.5, ஓட்டுநர் சுவிட்சின் பாயின்ட்டில் மட்டும் 1.4, கதவுக்கும் அது மாட்டியிருக்கும் பில்லருக்கும் (பாடியின் தூணுக்கும்) நடுவில் ரப்பர் குழாய்க்குள் போகும் ஒயரில் 0.8, இடது சுவிட்சில் 0.4. திரும்புகிற பக்கத்தில் இடது சுவிட்ச் 0.4, குழாய் ஒயர் 0.3, ஓட்டுநர் சுவிட்ச் 0.5, கடைசியில் எர்த் போல்ட்டில் 1.1. கூட்டினால் அதே 5.4 வருகிறது. பெரிய திருடன் என்று ஒருவன் இல்லை. எட்டு இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது. இருபது வயது காரில் வழக்கமாகப் பார்ப்பது இதுதான், அதனால்தான் ஒரே ஒரு பாகத்தை மாற்றிவிட்டு வேகம் வரவில்லையே என்று பலர் திகைக்கிறார்கள்.

இங்கே 9 ஆம்பியர்தான் முக்கியமான எண். ரப்பர் பிடிப்பதால் மோட்டார் திணறி அதிக ஆம்பியர் இழுக்கிறது. ஆம்பியர் கூடக் கூட, அதே பாயின்ட், அதே எர்த் போல்ட் இன்னும் அதிக வோல்ட்டைத் தின்கிறது. வோல்ட் குறைந்த மோட்டார் இன்னும் மெதுவாகச் சுற்றுகிறது. அதாவது ரப்பர் பிடிப்பும் ஒயர் குறையும் ஒன்றையொன்று வளர்த்துவிடுகின்றன. ஒவ்வொன்றும் தனியாக இருந்திருந்தால் அண்ணாச்சி கவனித்திருக்கவே மாட்டார். பாதியில் நின்றதற்கும் இதுவே காரணம். இந்த மோட்டார்களுக்குள் சூடு அதிகமானால் கரண்ட்டைத் தடுக்கும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. திணறிச் சூடான மோட்டார் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றிருக்கிறது. ஆறினதும் மறுபடி ஓடும். நின்ற மோட்டாரைச் செத்த மோட்டார் என்று சொல்லிவிடுவது சுலபம்.

கண்ணாடிப் பாதை

முதலில் இழுவையைக் குறைப்பது என்று முடிவு செய்தேன். கண்ணாடியை மேலே நிறுத்தி, மாஸ்கிங் டேப்பால் கதவு ஃபிரேமோடு ஒட்டிவிட்டு, அதைத் தாங்கி ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரிலிருந்து விடுவித்தேன். இதில் ஓர் எச்சரிக்கை: இந்தக் காரில் இருப்பது கத்தரி மாதிரி விரியும் கை வைத்த ரெகுலேட்டர். கண்ணாடியின் எடையைத் தாங்க அதில் ஒரு சுருள் ஸ்பிரிங் முறுக்கி வைத்திருப்பார்கள். கையை எதோடாவது பூட்டிவைக்காமல் மோட்டாரைக் கழற்றினால் அது சட்டென்று அடித்துத் திரும்பும், விரல் போய்விடும். கவனமில்லாமல் கைவைக்கக் கூடாத வேலை இது.

விடுபட்ட கண்ணாடியை இரண்டு கையாலும் மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தேன். மூன்று நான்கு கிலோ எடையுள்ள பொருள் தன் எடையிலேயே மெல்ல இறங்க வேண்டும். இது வைத்த இடத்திலேயே நின்றது.

சேனல் ரப்பரை உருவி வெளியே எடுத்ததும் விஷயம் தெரிந்தது. உள்பக்கத்தில் வெல்வெட் போல இருக்க வேண்டிய பூ பல இடங்களில் தேய்ந்து, வெறும் ரப்பர் தெரிந்தது. அடியில் உப்பும் மணலும் சேர்ந்து கட்டியாகிக் கிடந்தன. எப்போதோ யாரோ கிரீஸ் தடவியிருக்கிறார்கள். அது பட்ட இடத்தில் ரப்பர் உப்பிப்போய், கண்ணாடி நுழையும் இடைவெளியே சுருங்கியிருந்தது. சேனல் ரப்பருக்கும் பெட்ரோலிய எண்ணெய்க்கும் ஆகவே ஆகாது. கிரீஸ், இஞ்சின் ஆயில், துரு இளக்கும் ஸ்ப்ரே எதை அடித்தாலும் அன்றைக்குக் கண்ணாடி பறக்கும். நாள் போகப் போக ரப்பர் ஊறி உப்பும், மேலே தூசியும் ஒட்டும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம்.

இன்னொன்று கண்ணாடியிலேயே இருந்தது. கார் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் ஒட்டக்கூடாது என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டபோது, நாடு முழுக்க அவசர அவசரமாகப் பிய்த்து எடுத்தார்கள். இந்தக் காரிலும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரிகிற பகுதியைச் சுத்தம் செய்திருக்கிறார்கள். சேனலுக்குள் மறைந்திருக்கும் இரண்டு ஓரங்களை யாரும் தொடவில்லை. அங்கே ஃபிலிமின் பசை அரை அங்குல அகலத்துக்குப் பட்டையாக நின்று, வருஷக்கணக்காகத் தூசியை வாங்கி, விரல் வைத்துத் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரத்தது. தேய்ந்த ரப்பரின் பூ எங்கே போனது என்று அதற்குப் பிறகு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

பசையைப் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தேன். உப்பிய ரப்பரைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. அந்த ஒன்றைப் புதிதாகப் போட்டோம். காரின் சொந்த அளவில் வருவதைத்தான் வாங்க வேண்டும். மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கும் பொது ரப்பர் ஒரு மில்லிமீட்டர் தடிமன் கூடினாலும் மறுபடி முதலிலிருந்துதான். மாட்டும் முன் உள்பக்கம் முழுக்க சிலிக்கான் ஸ்ப்ரே. ரெகுலேட்டர் உருளை ஓடும் இரும்புத் தண்டவாளத்தில் பழைய கிரீஸ் கெட்டிப்பட்டிருந்தது. மண்ணெண்ணெயால் கழுவிவிட்டு வெள்ளை லித்தியம் கிரீஸ் வைத்தேன். ரப்பருக்கு சிலிக்கான், இரும்புக்கு கிரீஸ், இது மாறக்கூடாது. கண்ணாடியை மாட்டும்போது போல்ட்டுகளை முழுசாக முறுக்காமல் ஒரு முறை மேலே ஏற்றி, சேனலில் நேராக உட்கார்ந்த பிறகு முறுக்கினேன். கோணலாக உட்கார்ந்த கண்ணாடி எத்தனை சிலிக்கான் அடித்தாலும் ஒரு பக்கம் கடிக்கும்.

ஒயர் எதையும் தொடாமல் மறுபடி அளந்தேன். 9 ஆம்பியர் 6-ஆக இறங்கியிருந்தது. மோட்டாருக்குக் கிடைத்த வோல்ட் 8.6-லிருந்து 10.4-ஆக ஏறியிருந்தது. நேரம் 12 வினாடியிலிருந்து 6-க்கு வந்தது. பாயின்ட் எதையும் சுத்தம் செய்யாமலே 1.8 வோல்ட் திரும்பி வந்திருக்கிறது. இது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம் தந்த இடம்.

சுவிட்ச், ஒயர், எர்த்

ஓட்டுநர் சுவிட்சைப் பிரிக்கும்போது கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொள்வது நல்லது. பொத்தானுக்கு அடியில் இருக்கும் சின்ன ஸ்பிரிங்கும் ஊசியும் தெறித்தால் தேடியே பொழுது போகும். உள்ளே செம்புத் தகடு ஒன்று சீசா பலகை போல இரண்டு பக்கமும் சாயும். அதன் நுனியில் வெள்ளி பூசிய பொட்டு. இடது கண்ணாடிக்கான பொட்டைச் சுற்றிக் கரி படிந்து, நடுவில் குழி விழுந்திருந்தது. பக்கத்து பிளாஸ்டிக் லேசாக இளகி மஞ்சளடித்திருந்தது. காண்டாக்ட் கிளீனரில் கழுவிவிட்டு, மிக நைசான தாளால் கரி போகும் அளவுக்கு மட்டும் தேய்த்தேன். சொரசொரப்பான தாள் போட்டால் வெள்ளிப் பூச்சு போய்விடும், அப்புறம் பாயின்ட் சீக்கிரமே கருகும்.

அதிகம் பயன்படாத சுவிட்சின் பாயின்ட்டும் கெடும் என்பதைச் சொல்ல வேண்டும். அழுத்தும்போது பொட்டு லேசாக உரசித் தன்னைத் தானே துடைத்துக்கொள்ளும். ஏசி வந்த பிறகு பின் கண்ணாடிகளை இறக்குகிறவர்களே குறைவு. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானதிலிருந்து டோல் கேட்டில் ஓட்டுநர்கூடக் கண்ணாடி இறக்க வேண்டியதில்லை. கடல் காற்றில் நிற்கும் காருக்கு, வாரம் ஒரு தடவை நான்கு கண்ணாடியையும் ஏற்றி இறக்குவது நல்ல பழக்கம்.

கதவுக்கும் பில்லருக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாயை விலக்கினால், ஒயரின் மேல் உறை முழுசாக இருந்தது. ஆனால் ஒரு இடத்தில் பிடித்து வளைத்தால் நூல் மாதிரி துவண்டது. உள்ளே செம்பு இழைகள் பெரும்பாலும் அறுந்து, சில இழைகள்தான் மொத்த கரண்டையும் சுமந்துகொண்டிருந்தன. கதவு திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் வளைகிற இடம் அது. அங்கேயே ஈயம் வைத்து ஒட்டினால், ஈயம் ஊறின இடம் விறைத்து, அதன் விளிம்பில் மறுபடி அறும். அதனால் நீளமான புது ஒயர் போட்டு, இணைப்பு இரண்டையும் குழாய்க்கு வெளியே, வளையாத இடத்தில் கொண்டுவந்து வைத்தேன்.

எர்த் போல்ட் ஓட்டுநரின் கால் பக்கத்துப் பேனலுக்குள் இருந்தது. கழற்றினால் முனை முழுக்கப் பச்சைக் களிம்பு, பாடியில் துரு. பளபளவென்று இரும்பு தெரியும்வரை சுரண்டி, புது முனை போட்டு முறுக்கி, மேலே வாஸ்லின் தடவினேன். முறுக்கிய பிறகுதான் தடவ வேண்டும்.

இப்போது மோட்டாரில் 13.1 வோல்ட், அதே 6 ஆம்பியர், 4 வினாடி. மாற்றச் சொன்ன அதே மோட்டார்.

ஓட்டுநர் சுவிட்சிலிருந்து ரிலே வைத்து ஓட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கதவுக்கு இரண்டு ஐந்து கால் ரிலே. 30-ஆம் கால் மோட்டாருக்கு, 87 ஃபியூஸ் வழியாக பேட்டரிக்கு, 87ஏ எர்த்துக்கு. சுவிட்ச் அப்போது ரிலேயை மட்டும் இயக்கும், பாயின்ட் கருகாது. பாயின்ட் மீட்க முடியாத அளவுக்குப் போய், புது சுவிட்சும் கிடைக்காத காருக்கு நானே அதைச் செய்வேன். இங்கே சுத்தம் செய்தே வேலை முடிந்ததால், கதவுக்குள் புது இணைப்புகளை நுழைக்க மனம் வரவில்லை. கடலோரத்தில் ஒவ்வொரு புது இணைப்பும் நாளைக்குக் களிம்பு பிடிக்கும் ஓர் இடம்.

பின் இடது கதவு

ஓட்டுநர் சுவிட்சும் எர்த்தும் சரியானதில் மற்ற கண்ணாடிகளும் தாமாகத் தேறின. ஓட்டுநர் கண்ணாடி 6-லிருந்து 5, பின் வலது 7-லிருந்து 5. பின் இடது மட்டும் 9-லிருந்து 8-க்கு வந்து நின்றுவிட்டது.

அதன் மோட்டாரில் அளந்தால் 12.9 வோல்ட், 4 ஆம்பியர். வோல்ட் போதுமான அளவு வருகிறது, மோட்டார் திணறி அதிகம் இழுக்கவும் இல்லை, ஆனாலும் வேகம் இல்லை. ரப்பர் பிடித்திருந்தால் ஆம்பியர் ஏறியிருக்கும். ஒயர் குறையென்றால் வோல்ட் இறங்கியிருக்கும். இரண்டும் இல்லையென்றால் தடை மோட்டாருக்குள் இருக்கிறது. இங்கே மோட்டாரைக் குற்றம் சொல்லலாம்.

அந்தக் கதவின் பிளாஸ்டிக் ஷீட்டில் பாதி இல்லை. ஸ்பீக்கர் மாட்டியபோது அறுத்திருக்கிறார்கள். உள்ளே தெறித்த தண்ணீர் கப்ளர் வழியாக மோட்டாருக்குள் இறங்கியிருந்தது. பிரித்தால், சுற்றுகிற பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் இரண்டும் தேய்ந்து, ஒன்று அதன் கூட்டுக்குள்ளேயே துருவில் மாட்டிக்கொண்டு, ஆர்மேச்சரின் (சுற்றுகிற பகுதியின்) செம்புப் பட்டைகளை முழுசாகத் தொடாமல் இருந்தது. செம்பில் கறுப்பு வளையம். கூட்டைச் சுத்தம் செய்து, புதுக் கார்பன் போட்டு, செம்பைத் துடைத்து, பட்டைகளுக்கு நடுவில் இருந்த கரியை ஊசியால் எடுத்தேன். கியரில் பல் சேதம் இல்லை. மோட்டாரைத் தனியாக ஓட்டிப் பார்த்தபோது சத்தமும் சீராக இருந்தது. மாட்டின பிறகு 5 வினாடி. ஷீட்டுக்குப் பதிலாகத் தடிமனான பாலித்தீனை வெட்டி பியூட்டைல் டேப்பால் ஒட்டி, கதவின் அடி ஓட்டைகளில் அடைத்திருந்த மண்ணைக் கம்பியால் குத்தி எடுத்தேன்.

பின் வலது கதவின் சேனல் ரப்பரும் தேய ஆரம்பித்திருக்கிறது. இப்போதைக்கு சிலிக்கானில் ஓடுகிறது. உள்ளூரில் அந்த அளவு கிடைக்கவில்லை. சென்னைக்குப் போகிறவர்களிடம், வண்டி பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஆம்பியர் 7-ஐத் தாண்டுவதற்கு முன் அதை மாற்றிவிட்டால், புதிதாகச் சுத்தம் செய்த பாயின்ட் மறுபடி கருகாது. அண்ணாச்சியிடம் எண்ணெய் எதுவும் அடிக்க வேண்டாம் என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன்.